பத்திரிசியார் கல்லூரியின் மேல்மாடி

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரக் கடல். பெட்டியை எடை போட்டு, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, 'சிவகங்கை' கப்பலில் போய் உட்கார்ந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, கொஞ்ச நாளிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்த கடல்வழி இது. பக்கத்து இருக்கையில் வெள்ளவத்தைக்குச் சேலை வாங்கிப் போகும் ஓர் அம்மா. "யாழ்ப்பாணத்தில யாரு இருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

உண்மை அதுதான். நான் திருச்சி புனித வளனாரில் படித்தவன். எங்கள் கல்லூரியின் வயதை 1844இலிருந்து எண்ணுவார்கள். ஆனால் அது திருச்சிக்கு வந்து சேர்ந்தது 1883இல். அதற்கு முந்தைய முப்பத்தொன்பது ஆண்டுகள் அது இருந்தது இந்த நாகப்பட்டினத்தில், இயேசு சபையார் கடலோரத்தில் தொடங்கிய பள்ளியாக. அப்துல் கலாம் படித்த கல்லூரி என்றால் எல்லோருக்கும் புரியும். நாகையில் பிறந்த கல்லூரி என்றால் அங்கே படித்தவர்களுக்கே புதுச் செய்தியாக இருக்கும். எனக்கும் படிக்கிற காலத்தில் அது தெரியாது. தெரிந்த பிறகு, அதே பத்தாண்டுக்குள் எதிர்க் கரையில் தொடங்கிய இன்னொரு கத்தோலிக்கப் பள்ளி மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1850இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த புனித பத்திரிசியார் கல்லூரி. ஒன்று ஊர் மாறிப் போனது. மற்றொன்று என்ன வந்தபோதும் ஊர் மாறாமல் நின்றது. நின்றதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தொடங்கிய அந்தப் பள்ளியின் பேர், தமிழாராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் எதிரே வருகிறது. தனிநாயகம் அடிகள் அங்கே படித்தவர். தாவீது அடிகள் அங்கே கற்பித்து, அங்கேயே உயிர் விட்டவர். இது எப்படி நடந்தது என்பதைப் புத்தகத்தில் படித்து எனக்கு நிறைவு வரவில்லை.

காங்கேசன்துறையில் இறங்கிச் சோதனைகள் முடிந்து வெளியே வரும்போது நடுப்பகல் கடந்துவிட்டது. யாழ்ப்பாணம் நகருக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். பஸ் சன்னல் வழியே செம்மண் தோட்டமும் பனையும் கிடுகு வேலியும், இடையிடையே கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளும் மாறி மாறி வந்தன. அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்திருந்த மரங்களின் பருமனைப் பார்த்தால் எத்தனை வருஷம் ஆள் இல்லாமல் கிடந்த வீடு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

திருச்சி நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமானவர் பேராலயத்து வாசலில் காத்திருந்தார். பத்திரிசியாரின் பழைய மாணவர். வேறொரு பள்ளியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்கோ தம்பி, கப்பல் கனக்க ஆட்டினதோ?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கட்டுரை முழுக்க அவரை நான் ஐயா என்றே சொல்லப் போகிறேன். அங்கேயும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மரியன்னை பேராலயம், ஆயர் இல்லம், திருக்குடும்பக் கன்னியர் மடம், பத்திரிசியார் கல்லூரி எல்லாம் குருநகர்ப் பக்கத்தில் நடந்து முடிக்கிற தூரத்துக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடற்காற்றில் மீனும் உப்பும் கலந்த வாசம். ஐயா எடுத்த எடுப்பில் பள்ளிக்குள் கூட்டிப் போகவில்லை. பேராலயத்து நிழலில் உட்கார வைத்து, "ஏன் பிந்தித் தொடங்கினது எண்டு முதல்ல விளங்க வேணும்" என்றார்.

அவர் சொல்வது சரிதான். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கம் பழையது, கத்தோலிக்கப் பள்ளி புதியது. 1619இல் போர்த்துக்கேயர் கையில் விழுந்த குடாநாடு 1658இல் ஒல்லாந்தரிடம் போனது. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபைக்காரர்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், கோயில்களைத் தங்களுடையவையாக்கினார்கள், குருக்களை விரட்டினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் வேடத்தில் இந்தத் தீவில் கால் வைத்ததும், சில்லாலையில் மறைந்து தங்கி இரவுகளில் பூசை வைத்ததும் அதனால்தான். 2015இல் அவரைப் புனிதராக உயர்த்தினார்கள். ஒளிந்து கும்பிடுகிற சமூகத்துக்குப் பள்ளிக்கூடம் எங்கிருந்து வரும்? ஆங்கிலேயர் வந்து தடை நீங்கியபோது கத்தோலிக்கர்களிடம் நம்பிக்கை இருந்தது, படிப்பு இல்லை.

அந்த இடைவெளிக்குள் மற்றவர்கள் வேகமாக நடந்துவிட்டார்கள். அமெரிக்க மிஷன் 1816இல் வந்து 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினரியையே தொடங்கிவிட்டது. வெஸ்லியன் மிஷன் நகருக்குள் பள்ளி நடத்தியது. அதில் பீற்றர் பேர்சிவலுடன் இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் கைகொடுத்த ஆறுமுக நாவலர், வெளியே வந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் மதம் மாறிவிடுவார்கள் என்ற அச்சம் நாவலரைத் தூண்டியது. இரண்டு வருஷம் கழித்துக் கத்தோலிக்க ஆயரைத் தூண்டியதும் அதே அச்சம்தான். இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார். "ஓம், ரெண்டு பேரும் ஒரே கதவைத்தான் பூட்டப் பாத்தவை. பூட்டப் போய் ரெண்டு கதவு திறந்திட்டினம்."

அந்த ஆயர் ஒராசியோ பெத்தாக்கினி, இத்தாலியர். கையில் ஆளில்லை, பணமில்லை. ஆள் தேடி ஐரோப்பா போனவர், பிரான்ஸின் மார்செய் நகர ஆயர் யூஜின் டி மசனெட்டிடம் போய் நின்றார். மசனெட் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபை அப்போது சிறியது. இருந்தும் ஆள் கொடுத்தார். 1847 இறுதியில் செமேரியா தலைமையில் நான்கு பேர் இலங்கையில் வந்து இறங்கினார்கள். நான்கு பேர்! மொழி தெரியாது. சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாது. காலரா ஊருக்கு ஊர் வந்து போகிற காலம். மூன்றாவது ஆண்டிலேயே பள்ளி தொடங்கியாயிற்று. யாழ்ப்பாண ஆண்கள் செமினரி என்ற பேரில் அது வளர்ந்தது. செமினரி என்றால் இன்று குருமடம் என்று நினைப்போம். அன்று அது உயர் பள்ளி என்பதற்கான பொதுப் பேர், வட்டுக்கோட்டைக்கும் அதுவே.

இத்தாலிய ஆயர், பிரெஞ்சுச் சபை, ஆங்கிலப் படிப்பு. மூன்றையும் சேர்த்துத் தைக்க ஐரிஷ் குருக்கள் வேண்டியிருந்தது. ஆங்கிலம் அவர்கள் வாயில் இருந்தது, கத்தோலிக்கம் ரத்தத்தில் இருந்தது. ஆகவே 1881இல் பள்ளிக்கு அயர்லாந்தின் காவலரான பத்திரிசியாரின் பேர் வைத்ததில் வியப்பில்லை. குருநகரின் உப்புக்காற்றில் நின்று அந்தப் பேரைப் படிக்கும்போது உலகம் எவ்வளவு சுற்றி இங்கே வந்திருக்கிறது என்று தோன்றியது.

பெத்தாக்கினியைவிடப் பள்ளிகளின் கதையில் எனக்கு நெருக்கமானவர் கிறிஸ்தோபர் பொன்ஜீன் ஆண்டகை. பிரெஞ்சுக்காரர். முதலில் மறைபணிக்கு வந்தது நம் கோயம்புத்தூருக்கு. பிறகு பாக்கு நீரிணை தாண்டி அமலமரித் தியாகியாகி, 1868இல் யாழ்ப்பாண ஆயரானார். அவருடைய ஆயுதம் பேனா. அரசுப் பணம் அரசுப் பள்ளிக்கும் அதற்கு வேண்டியவர்களுக்கும் மட்டும் போகக் கூடாது, எந்தச் சமயத்தார் நடத்தினாலும் பாடம் ஒழுங்காக நடந்தால் மானியம் தர வேண்டும் என்று எழுதி எழுதி வாதாடினார். 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் ஏற்பட்டு, சமயப் பள்ளிகளுக்கு உதவிப்பணம் தருகிற முறை வந்தது. பள்ளிப் பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார், தேறினால் காசு. இந்த வழி கத்தோலிக்கருக்கு மட்டும் திறக்கவில்லை. சைவர்களும் பிற்காலத்தில் இதே வழியில் நூற்றுக்கணக்கில் பள்ளி கட்டினார்கள். 1876இல் தொடங்கிய கத்தோலிக்கப் பத்திரிகையான 'பாதுகாவலன்' பொன்ஜீன் காலத்தது. பின்னாளில் அவர் கொழும்பின் முதல் பேராயரானார். கோயம்புத்தூரில் அவர் பேரைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"சரி, எழும்புவம்" என்றார் ஐயா.

பள்ளிக்குள் நான் எதிர்பார்த்த அமைதி இல்லை. மாலை நேரம், மைதானத்தில் கிரிக்கெட் வலைப்பயிற்சி. யாழ்ப்பாணக் கல்லூரியோடு பத்திரிசியார் ஆடும் பந்தயத்துக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பேர். 1917இல் தொடங்கியது. ஐயாவுக்கு அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. எந்த வருஷம் யார் எத்தனை ஓட்டம், எந்த மழையில் எந்த ஆட்டம் நின்றது என்றெல்லாம் விரல் மடக்கிச் சொன்னார். எனக்குக் கிரிக்கெட் அவ்வளவு ஒட்டாது. பந்தை எடுக்க எங்கள் பக்கம் ஓடிவந்த பையன் ஐயாவைப் பார்த்து நின்று, "குட் ஈவினிங் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் மனத்தில் நின்றது. அவன் இவரிடம் படித்தவன் இல்லை, வயதான ஆசிரியர் என்று பார்த்தாலே தெரிந்திருக்கிறது.

பள்ளியின் குறிக்கோள் லத்தீனில்: 'ஃபீதே எத் லபோரே'. விசுவாசத்தாலும் உழைப்பாலும். உழைப்பு என்ற சொல் பொருத்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தக் குடாநாட்டில் நிலம் போதாது, நீர் போதாது. கொழும்பில் எழுதுவினைஞர் வேலை, மலாயாவில் ரயில்வே வேலை என்று ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டும் கதவு திறந்தது. வீட்டுக்கு ஒருவன் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய் மாதாமாதம் பணம் அனுப்ப, அந்தப் பணத்தில் இங்கே கல்வீடும் தங்கையின் சீதனமும் உருவாயின. ஆகவே பள்ளி என்பது வயல் மாதிரி, கிணறு மாதிரி. தீவகத்தில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு விடுதி தேவைப்பட்டது, விடுதி எழுந்தது. அப்படித் தீவகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர்தான் கரம்பொன்னில் 1913இல் பிறந்த சேவியர். நமக்குத் தனிநாயகம் அடிகள்.

இங்கேதான் நான் எடுத்துவந்த கேள்வி. "ஐயா, இங்கே அவருக்குத் தமிழ் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்களா?"

அவர் உடனே சொன்னார். "இல்லைத் தம்பி. எங்கட பள்ளிக்கூடம் தொடங்கினது இங்கிலிஷ் படிப்பிக்கத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. லத்தீன் படிச்சார், இங்கிலிஷ் படிச்சார். தமிழ் பேசினார், அவ்வளவுதான். சங்கத் தமிழை உங்கட ஊரிலதான் படிச்சவர்."

பள்ளியை நேசிக்கும் ஒருவர் பள்ளியின் குறையை இவ்வளவு நேராகச் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. அது உண்மையும்கூட. தனிநாயகம் அடிகள் ரோமில் இறையியல் படித்து முடித்து, குருவாகி, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்கு வந்தார். அங்கே புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் வேலை. கற்றுக்கொடுக்க வந்த இடத்தில், தனக்குத் தன் மொழியின் இலக்கியம் தெரியவில்லை என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் உட்கார்ந்து முறையாகத் தமிழ் படித்தார். முப்பது வயதை நெருங்கும் கத்தோலிக்கக் குரு, ஒரு பிராமணப் பண்டிதரிடம், ஒரு சிற்றூரில். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழ், 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து மறுபதிப்புச் செய்தவரும் அவர்தான்.

பத்திரிசியார் அவருக்குத் தமிழ் தரவில்லை. ஆனால் ஐரோப்பிய நூலகங்களின் கதவைத் தட்டும் தைரியத்தையும் அங்குள்ளவர்களோடு அவர்கள் மொழியில் பேசும் நாவையும் தந்தது. ஒரு பள்ளி ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கொடுக்காமல் விட்டது, கொடுக்காமல் விட்டதை அந்த மாணவன் கடல் கடந்து போய்த் தேடிக்கொண்டான். இந்த இரண்டில் எது பெரிது என்று நான் அன்று மாலை முழுக்க யோசித்தேன். எனக்கு முடிவு வரவில்லை. கொடுக்காததை மன்னிக்கவும் மனமில்லை. ஒரு மொழியின் நடுவில் பள்ளி கட்டி, அந்த மொழியை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொன்ன காலம் அது. நம் பக்கத்துக் கல்லூரிகளும் அதில் குறைந்தவை இல்லை.

கட்டடத்தின் மேல்மாடியை ஐயா கை நீட்டிக் காட்டினார். நான் பார்க்க வந்தது அதைத்தான்.

தாவீது அடிகள், ஹயசிந்த் சிங்கராயர் தாவீது, பருத்தித்துறையை அடுத்த தும்பளையில் 1907இல் பிறந்தவர். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் அறிந்தவர் என்று சொல்வார்கள். மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து கத்தோலிக்கக் குருவான ஞானப்பிரகாசர் அடிகள், 1938இல் தமிழ்ச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி ஒன்றை வெளியிடத் தொடங்கி, முடிக்காமலே 1947இல் காலமானார். அந்தப் பாதையில் அடுத்து நடந்தவர் தாவீது அடிகள். ஒரு தமிழ் வேர்ச்சொல்லை எடுத்து, கிரேக்கத்தில், எபிரேயத்தில், வடமொழியில் அதன் உறவை ஒவ்வொன்றாகத் தேடி எழுதுகிற வேலை. அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியலாளர்கள் ஏற்கமாட்டார்கள். ஆனால் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் உட்காரும் மனிதர்கள் ஒரு பள்ளிக்கூட மாடியில் வாழ்ந்தார்கள் என்பது எனக்குப் போதும். அவ்வளவு நூல்களுக்கு எங்கே போவார்? நடக்கிற தூரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் இருந்தது.

அந்த நூலகத்திலும் இந்தப் பள்ளியின் கை உண்டு. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்திருந்த நூல்களை ஊருக்குத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டு வாடகை அறைக்கு மாறியது, அதற்கடுத்த ஆண்டு நகரசபை எடுத்துக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்று மேயர் சாம் சபாபதி முயன்றபோது, கூடவே நின்று நிதி திரட்டி உழைத்தவர் பத்திரிசியாரின் அதிபராக இருந்த லோங் அடிகள், அயர்லாந்துக்காரர். 1936இலிருந்து 1954 வரை அவர் அதிபர். தன் பள்ளிக்குள் பெரிய நூலகம் கட்டிக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். ஊருக்குக் கட்ட வேண்டும் என்று நினைத்தார். கட்டடத்துக்கு வரைபடம் சென்னையிலிருந்து வி. எம். நரசிம்மன். நூலக ஒழுங்குக்கு ஆலோசனை எஸ். ஆர். அரங்கநாதன். அவர் பிறந்த ஊர் சீர்காழி, நான் கப்பல் ஏறிய நாகைக்கு வடக்கே, அதே கடலோரம். 1959இல் திறப்பு.

1981 மே 31 இரவு அது எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள் உட்பட. அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் குவிக்கப்பட்டிருந்த பொலிஸ்காரர்கள் செய்த வேலை என்று ஊர் முழுக்கத் தெரியும். பத்திரிசியார் மேல்மாடியில் நின்று தாவீது அடிகள் அந்தத் தீயைப் பார்த்தார். பார்த்த அதிர்ச்சியிலேயே சரிந்து இறந்தார். 73 வயது.

"நான் அப்ப ஏ. எல். படிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் ஐயா. "விடியக் காலமை சனம் றோட்டில நிண்டு அழுதது. ஆரும் செத்தாத்தானே அப்பிடி அழுவினம். பிறகுதான் பேராலயத்தடியில சொல்லிச்சினம், தாவீது சுவாமியும் போயிட்டார் எண்டு."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "ஆனா தம்பி, இந்த மண்ணில அது ஒண்டுதான் எரிப்பெண்டு எழுதாதேங்கோ. முப்பதாம் ஆண்டு வாக்கில, எல்லாச் சாதிப் பிள்ளையளும் ஒரே வாங்கில இருக்க வேணும் எண்டு அரசாங்கம் சொன்ன நேரம், பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினது எங்கட ஆக்கள்தான்." சம ஆசன ஆணை வந்த அந்த ஆண்டுகளில் குடாநாட்டில் பள்ளிகள் எரிந்தது வரலாறு. அவர் அதைச் சேர்த்துச் சொன்னதனால் இங்கே நானும் சேர்த்து எழுதுகிறேன்.

பள்ளி எரியவில்லை, பறிபோகவும் இல்லை. ஆனால் பறிபோயிருக்கலாம். 1960இல் உதவி பெறும் சமயப் பள்ளிகளை அரசு கையேற்றபோது, பெரிய பள்ளிகளுக்கு ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள். அரசு மானியம் கிடையாது, மாணவரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது, அப்படி நடத்த முடிந்தால் நடத்திக்கொள்ளலாம். தீவின் பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே குடியேறி இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பத்திரிசியார் அந்தக் கடினமான வழியைத் தேர்ந்துகொண்டது. கட்டணம் இல்லாத தனியார் பள்ளி. ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து?

"எங்கட அப்பா எழுதுவினைஞர். சம்பளம் எடுத்த அண்டு ரெண்டு ரூபா தனியா மடிச்சு வைப்பார். அது பள்ளிக்கூடத்துக்கு. அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. நாங்கள் ஏழு பிள்ளையள்" என்றார். ஒரு பள்ளி வளர்ந்த கதையில் ஆயர்கள், அதிபர்கள் பேர் எல்லாம் ஏடுகளில் இருக்கும். மடித்து வைத்த இந்த இரண்டு ரூபாய் எந்த ஏட்டிலும் இருக்காது.

அந்த ஆண்டுகளுக்குள்தான் இன்னொன்றும் நடந்து முடிந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி கீழ் வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறியது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பிறந்த பள்ளியில் கணக்கும் அறிவியலும் தமிழில் நடந்தன. ஐயா பௌதீகமும் இரசாயனமும் தமிழிலேயே படித்தவர். ஒட்சிசன், ஐதரசன் என்று அவர் சொல்கிற அழகே தனி. தமிழில் அறிவியல் முடியுமா என்று இன்னும் பட்டிமன்றம் வைத்துக்கொண்டிருக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அது உறைத்தது.

போர்க் காலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் நீட்டவில்லை. 1995 அக்டோபர் 30 இரவு, மழையில், ஊரே எழுந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னார். "திரும்பி வரேக்க முதல்ல பள்ளிக்கூடம் நிக்குதோ எண்டுதான் பாத்தனாங்கள், பிறகுதான் வீடு."

பொழுது சாய்வதற்குள் நூலகம் பார்க்க வேண்டும் என்று நடக்கத் தொடங்கினோம். பிரதான வீதி வழியாக, கோட்டைப் பக்கம். ஐயா சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். தாவீது அடிகள் இந்த வழியாகத்தானே போயிருப்பார் என்று கேட்டேன். "வேற வழி ஏது?" என்றார். ஐந்து முனைக் கோட்டையின் சுவர் தூரத்தில் தெரிந்தது, அதற்குப் பின்னால் கடல். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் இடித்துப் பெருப்பித்த கோட்டை. கத்தோலிக்கரை ஒளிந்து கும்பிட வைத்த ஆட்சி அதற்குள் இருந்துதான் நடந்தது.

நூலகம் வெள்ளை வெளேரென்று நின்றது. போரின் இடிபாடுகளுக்குப் பிறகு திருத்திக் கட்டி 2004இல் மறுபடி திறந்தார்கள். முன்னால் வீணையோடு சரஸ்வதி. அதே வளாகத்தில் லோங் அடிகளின் சிலை. கலைமகளும் ஐரிஷ் குருவும் ஒரே வாசலைக் காக்கிற இன்னொரு நூலகத்தை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். வாசிப்பறையில் பையன்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு ஒலி இல்லை. வெறும் காலில் அந்தத் தரையின் குளிர்ச்சி நன்றாக இருந்தது.

வெளியே வந்து மேற்கே பார்த்துப் படியில் உட்கார்ந்தோம். ஐயா, "ஒரு உதவி செய்வீங்களோ?" என்றார்.

"சொல்லுங்க ஐயா."

"வடக்கன்குளம் உங்கட பக்கம்தானே. தனிநாயகம் அடிகள் தமிழ் படிச்ச ஊர். நான் முப்பது வரியமா வகுப்பில அந்தப் பேரைச் சொல்லிப் படிப்பிச்சனான். கண்ணால கண்டதில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இருந்தா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. வாசல் மட்டும் காணும்."

கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் வள்ளியூரும் பணகுடியும் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். வடக்கன்குளத்துக்குப் பிரிகிற சாலையில் ஒரு முறைகூடத் திரும்பியதில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "நான் குருநகரில பிறந்து தும்பளைக்கு ரெண்டு தரம்தான் போயிருப்பன்" என்றார்.

மூன்றாம் நாள் திரும்பும் கப்பலில், நாகையிலிருந்து திருநெல்வேலிக்கு எந்த ரயில், அங்கிருந்து வள்ளியூருக்கு எந்த பஸ் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டே வந்தேன். நடுக்கடலில் சமிக்ஞை போய்விட்டது. நாகை வெளிச்சம் தெரிந்தபோது மறுபடி வந்தது.